சாம்புவை அடித்தவன் நான்

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஒரே வயிற்றில் பிறந்தவை; ஐந்தாறு வருஷம் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுத் தூங்கியவை. அவை திடீரென்று ஒன்றையொன்று கண்டாலே கிழித்துக்கொள்ளும் நிலைக்குப் போயின. அதைத் தொடங்கி வைத்தது ஆஸ்பத்திரி வாசனை. கொஞ்ச நாளில் தானாக அடங்கியிருக்கக்கூடிய விஷயம். அது மாதக்கணக்கில் நீண்டதற்குக் காரணம் நான். குற்றம் செய்யாத பூனையை அடித்தேன். அதை மறைத்து, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம் பொய் சொன்னேன். தெருவில் எல்லோரும் என்னைப் பூனைப் பிரியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவன் இல்லை.

பூனைகள் இரண்டும் மகளுடையவை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்கோடியில் இடிந்து கிடந்த ஒரு வீட்டுக்குள் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்த குட்டிகளை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அவள்தான் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தாள். இங்க் ஃபில்லரில் பால் ஊட்டி வளர்த்தாள். நெற்றியில் கறுப்புத் திட்டோடு வெள்ளையாக இருந்தது பொட்டு. சாம்பல் நிறத்தது சாம்பு. கல்லூரிக்கு ரயில் ஏறும்போது, "அப்பா, ரெண்டையும் பாத்துக்கோங்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

சாம்புவுக்கு ஒரு வயதிலேயே கருத்தடை செய்துவிட்டோம். அன்று பொட்டுவுக்குச் சளி பிடித்திருந்ததால் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு என் சோம்பலால் வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. கருத்தடை செய்யாத பெண் பூனைக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து உண்டு. போன ஐப்பசியில் பொட்டு தின்னாமல் குடிக்காமல் சுருண்டு, பின்பக்கம் சீழ் கசிய ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். உடனே அறுத்துக் கருப்பையை எடுத்தார்கள். அங்கேயே வைத்திருந்து, தெளிந்த பிறகு அனுப்பினார்கள். உயிர் பிழைத்தது.

கூடையைக் கூடத்தில் வைத்துக் கொக்கியை எடுத்தேன். பொட்டு தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தது. கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு. மழித்த வயிற்றில் தையல். உடம்பெல்லாம் ஸ்பிரிட்டும் அயோடினும் வேறு மிருகங்களின் மூத்திரமும் கலந்த நெடி. உள்ளறையிலிருந்து சாம்பு வாலை நேராகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. பூனை அப்படி வாலைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது சிநேகம். ஒரு முழ தூரத்தில் மூக்கை நீட்டியது. அப்படியே நின்றது. காதுகள் பின்னால் படிந்தன, முதுகு வளைந்தது, வால் மயிர் குத்திட்டது. அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். அடுத்த நொடி பொட்டுவின் மேல் பாய்ந்துவிட்டது. கூம்பு இருந்ததால் பொட்டுவின் கண் தப்பியது.

நான் குனிந்து சாம்புவின் முதுகில் ஓங்கி அறைந்தேன்.

என்ன நடந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். சேர்ந்து வாழும் பூனைகள் நாள் முழுக்கக் கன்னத்தையும் விலாவையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனை அப்படியே ஒன்று கலந்து வீட்டுக்கென்று ஒரு பொது வாசனை உண்டாகிவிடும். அந்த வாசனை உள்ளவள் நம்மவள், இல்லாதவள் அந்நியள். ஆஸ்பத்திரி அந்த வாசனையைத் துடைத்துவிட்டு வேறொன்றைப் பூசி அனுப்பியிருந்தது. போதாக்குறைக்குக் கூம்பு மாட்டி, மயக்க மருந்தில் நடையும் மாறிப்போயிருந்தது. கண் தங்கச்சி என்று சொன்னாலும் மூக்கு அந்நியள் என்றது. இந்த விஷயத்தில் பூனை மூக்கைத்தான் நம்பும். கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் பார்க்கிற சங்கதி இது. பொட்டுவை ஒரு தனி அறையில் விட்டு, வீட்டு வாசனை திரும்ப ஒட்டும்வரை பொறுத்திருந்தால் போதும். நான் யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

எனக்குத் தெரிந்தது அடிதான். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் யார் சத்தம் போட்டானோ அவனைத்தான் எழுப்பி நிறுத்துவேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதைத் தடை செய்த பிறகு பிரம்பைக் கீழே வைத்தேனே தவிர, பிரம்பு சரி என்ற எண்ணம் எனக்குள் அப்படியேதான் இருந்தது. வீட்டில் சத்தம் போட்டது சாம்பு. ஆகவே குற்றவாளி சாம்பு. பொட்டு நோயாளி, அதனால் நிரபராதி. இவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதினேன்.

அதன் பிறகு சாம்பு உறுமும்போதெல்லாம் அடி விழுந்தது. கையால், சுருட்டிய பேப்பரால், ஒருமுறை செருப்பால். "ஏங்க, அது பயந்து போயிருக்கு, விடுங்க" என்று மனைவி தடுத்தாள். "கண்டிச்சாத்தான் அடங்கும்" என்றேன். ஒரு ராத்திரி இரண்டும் கட்டிப் புரண்டு, பொட்டுவின் தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. சாம்புவைப் பிடரியோடு தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். நடு ராத்திரிக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு விழிப்பு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கத்தும் சத்தமும் கேட்டது. ஒரு ராத்திரி கிடந்தால் புத்தி வரும் என்று திரும்பிப் படுத்தேன். நான் செய்தவற்றில் எதை நினைத்து அதிகம் கூசுகிறேன் என்று கேட்டால், அந்தத் திரும்பிப் படுத்ததைத்தான் சொல்வேன். அடித்தது கோபத்தில். இது நிதானத்தில் செய்தது. காலையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே தள்ளிப் போனது.

பிறகு, பலவந்தமாக ராசியாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை. இரண்டையும் இரண்டு கையில் பிடித்து மூக்கோடு மூக்கு கொண்டுபோனேன். சாம்பு என் கட்டை விரலின் அடிச்சதையில் கடித்துவிட்டது. பூனைப் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும். மேலே பார்த்தால் சின்னத் துளைதான் தெரியும், உள்ளே கிருமி போய்விட்டிருக்கும். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். ஒரே நாளில் கை வீங்கி விரல் மடக்க முடியவில்லை. ரத்தம் வந்த கடி என்றால், வீட்டுப் பூனையாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படிக் கடித்தது என்று கேட்டார். "சும்மா விளையாடும்போது சார்" என்றேன்.

மகளிடமும் அதே வாய்தான் பேசியது. தினமும் ராத்திரி வீடியோவில் வருவாள். பொட்டுவை மடியில் வைத்துக்கொண்டு போனைக் காட்டுவேன். "சாம்பு எங்கப்பா?" என்பாள். "மாடில சுத்திட்டு இருக்கு", "இப்பதான் தூங்குச்சு", "உங்கம்மா கூட இருக்கு". சாம்பு அப்போது சமையல்கட்டில் ஃப்ரிட்ஜின் மேல் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையில் கட்டு ஏன் என்று கேட்டதற்குக் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டேன் என்றேன்.

கொஞ்ச நாளில் சாம்பு எங்கள் படுக்கையில் மூத்திரம் பெய்ய ஆரம்பித்தது. வேண்டுமென்றே பழிவாங்குகிறது என்று முடிவு கட்டினேன். தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில் எலித் தொல்லை. அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேசியும் வைத்தேன். மகளிடம் ஓடிப்போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதைத் தடுத்தது மனைவி. விரிப்பைத் துவைக்க எடுத்தவள், ஈரத்தில் ரோஸ் நிறம் இருப்பதைப் பார்த்துவிட்டாள். "இது ரத்தம். ஆலைக்கு இல்ல, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். தானும் கூடவே ஆட்டோவில் ஏறினாள்.

சோதித்துப் பார்த்ததில் கல் இல்லை, கிருமியும் இல்லை. பூனைகளுக்கு மனக்கலக்கத்தாலேயே மூத்திரப்பை வீங்கி ரத்தம் கசியும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் டோனி பஃபிங்டன் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மருந்தைவிட வீட்டைச் சரிசெய்வதுதான் அதற்கு முக்கியமான வைத்தியம்: ஒளிந்துகொள்ள இடம், உயரத்தில் உட்கார இடம், தனித் தட்டு, தனி மணல் தொட்டி, பயமில்லாத நடமாட்டம். ஆண் பூனையாக இருந்திருந்தால் வழி அடைத்துக்கொண்டு உயிரே போயிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு கடைசியில், "அடிச்சீங்களா சார்?" என்றார்.

இல்லை என்றேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். "ஆமாம், அடிச்சேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எதுக்கு அடிச்சீங்கன்னு அவளுக்குத் தெரியாது சார். பொட்டு பக்கத்துல வந்தா வலி வருது, அது மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு அடியிலயும் பொட்டு மேல இருக்கற பயத்த நீங்களே ஏத்தி விட்டிருக்கீங்க" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "சீறறவதான் சண்டைக்காரின்னு நினைக்காதீங்க. சத்தத்த விட்டுட்டு, யாரு யாரோட பாதையில உக்காந்திருக்கான்னு பாருங்க."

அன்று சாயங்காலம் நாற்காலியைக் கூடத்து மூலையில் போட்டுக்கொண்டு பார்த்தேன். சமையல்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகும் நிலைப்படியில் பொட்டு முன்னங்காலை மடித்து அமைதியாக உட்கார்ந்திருந்தது. மணல் தொட்டி பின்கட்டில் இருந்தது. ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாம்பு மெல்ல இறங்கி, சுவரோரமாக இரண்டடி வந்தது. பொட்டு நகரவில்லை, கத்தவில்லை. தலையை மட்டும் தாழ்த்தி, கண்ணிமைக்காமல் சாம்புவையே பார்த்தது. வால் நுனி மட்டும் அசைந்தது. சாம்பு உடம்பைச் சுருக்கிக்கொண்டு சீறியது. முன்பென்றால் அந்தச் சீறல் கேட்டதும் பேப்பரைச் சுருட்டியிருப்பேன். சாம்பு திரும்பி ஏறிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கிப் பார்த்தது. பொட்டு அங்கேயே இருந்தது. சாம்பு எங்கள் படுக்கையறைக்குள் போனது.

படுக்கை நனைந்தது அப்படித்தான். முதல் நாள் பாய்ந்தது சாம்பு என்பது உண்மை. ஆனால் உடம்பு தேறிய பிறகு வழி மறித்துக்கொண்டிருந்தது பொட்டு. அதையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அடிபட்டு வந்த இடத்தில் தன் காலை ஊன்றிக்கொள்ளப் பார்த்தது, நான் அதற்குத் துணை நின்றேன். என் வகுப்புகளில் பின் பெஞ்சில் சத்தமில்லாமல் கிள்ளியவனைப் பார்க்காமல், கிள்ளுப்பட்டுக் கத்தியவனை எத்தனை முறை எழுப்பி நிறுத்தியிருப்பேன் என்று அன்று ராத்திரி யோசித்தேன். சில முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்களிடம் போய்ச் சொல்ல இப்போது வழியில்லை.

டாக்டரம்மா சொன்னபடி முதலில் இரண்டையும் கண்ணுக்கே படாமல் பிரித்தோம். சாம்புவுக்கு மகளின் அறை. அங்கேயே தட்டு, தண்ணீர், மணல் தொட்டி, அலமாரி உச்சியில் ஒரு பழைய போர்வை. பூனைகளுக்குச் சண்டைக்குப் பின் சமாதானம் சொல்லும் வழக்கம் குறைவு என்பதை அப்போதுதான் அறிந்தேன். நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குப் பூங்காவில் சிம்பன்சிகளைக் கவனித்த ஃபிரான்ஸ் டி வால், அவை சண்டைக்குப் பிறகு தேடிப் போய்க் கட்டித் தழுவிக்கொள்வதை 1979இல் எழுதினார். பூனை அப்படி இல்லை. அதன் மூதாதை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்ற காட்டுப்பூனை. சண்டை வந்தால் விலகிப் போய்விடுவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தீர்வு. மூன்று அறை வீட்டில் விலக எங்கே இடம்? இடத்தை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும்.

வாசனையைத் திரும்பக் கொண்டுவருவது அடுத்த வேலை. என் பழைய துண்டைக் கிழித்து, ஒரு துணியால் பொட்டுவின் கன்னத்தைத் துடைத்துச் சாம்புவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாம்புவின் துணியைப் பொட்டுவிடம். ஆரம்பத்தில் சாம்பு துணியை மோந்துவிட்டுத் தட்டைத் தொடாமல் போய்விடும். துணியைத் தள்ளி வைப்பேன். மோந்துவிட்டும் தின்னத் தொடங்கிய பிறகுதான் கிட்டே நகர்த்துவேன். பிரான்ஸைச் சேர்ந்த பத்ரிக் பஜா என்ற கால்நடை மருத்துவர் பூனையின் கன்னச் சுரப்பை 1990களில் பிரித்து ஆராய்ந்தார். அதைப் போலவே செயற்கையாகச் செய்து, கொசு விரட்டி மாதிரிச் சுவரில் செருகும் புட்டியில் விற்கிறார்கள். அதையும் வாங்கினோம். எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்தது துண்டுத் துணிதான் என்பது என் எண்ணம்.

பிறகு, சாத்திய கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அவித்த சாளை மீன். மறுபக்கத்து வாசனை வரும்போது வாயில் மீன் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நான் அடியால் கற்றுக்கொடுத்ததை மீனால் அழிக்கும் வேலை. அது சீரானதும் ஆசாரியைக் கூப்பிட்டு நிலையில் கம்பி வலைக் கதவு ஒன்று போட்டோம். வலைக்குத் தூரத்தில் இரண்டு தட்டு. முறைக்க ஆரம்பிக்கும் முன்பே திரையை இழுத்துவிட வேண்டும். தட்டு சாண் சாணாக நெருங்கியது.

இந்த இடத்தில் நான் மறுபடியும் தவறினேன். முதல் தவறு தெரியாமல் நடந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இதற்கு அதுவும் இல்லை. பொங்கலுக்கு மகள் வருகிறாள். அவள் வரும்போது இரண்டும் ஒன்றாகக் கூடத்தில் இருக்க வேண்டும், நான் சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டாக்டரம்மா இன்னும் பொறுங்கள் என்று சொல்லியிருந்தும், மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் வலைக் கதவைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பொட்டு அறைக்குள் நுழைந்து சாம்புவின் தட்டருகே போனது. அப்புறம் நடந்ததை நிறுத்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து நடுவில் நீட்ட வேண்டியிருந்தது. சாம்புவின் காது மடல் கிழிந்துவிட்டது. பூட்டிய கதவு, துண்டுத் துணி என்று முதலிலிருந்து தொடங்கினோம்.

மகள் வந்தாள். கம்பி வலையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். சாம்புவைத் தடவக் கை நீட்டினாள். அது தரையோடு பதுங்கியது. அவள் கை அப்படியே நின்றது. "அடிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அடித்ததைச் சொன்னேன், ஆலையைச் சொன்னேன், வீடியோவில் சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பொங்கல் அன்றுகூட என்னோடு பேசவில்லை. விடுமுறை முழுக்கச் சாம்புவின் அறையில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அதைக் கூப்பிடவும் இல்லை, தொடவும் இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனி அவசரப்படாதீங்க. சேரலைன்னாலும் பரவால்ல, பயமில்லாம இருந்தாப் போதும்."

அதன்படிதான் செய்தேன். கோடை தொடங்கிய பிறகு ஒருநாள் வலைக் கதவு திறந்தே இருக்க, இரண்டும் ஒரே அறையில் தனித்தனித் தட்டில் தின்றுவிட்டுத் தனித்தனியாக எழுந்துபோயின. இப்போது கதவு இல்லை. மணல் தொட்டி மூன்று, மூன்று மூலையில். எப்போதாவது எதிரெதிரே வந்தால் மூக்கை நீட்டி மோந்துகொள்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று படுப்பது நின்றுவிட்டது. அது திரும்பி வராது என்றே நினைக்கிறேன். சாம்புவுக்கு ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் காலையில் நான் பேப்பரை மடித்தால் அந்தச் சத்தத்துக்கு இன்றும் அறையை விட்டு வெளியே போய்விடுகிறது. அதனால் பேப்பரைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறேன்.

வீட்டில் ஒன்றுக்கு மேல் பூனை வைத்திருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தால் கூடையைக் கூடத்தில் திறக்காதீர்கள். தனி அறையில் விட்டு, அது தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்வரை பொறுங்கள். மீறிச் சண்டை வந்தால் நடுவில் அட்டையோ தலையணையோ வையுங்கள், பிரித்து வையுங்கள், மருத்துவரைக் கேளுங்கள். கையை ஓங்காதீர்கள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். மழை பெய்த அந்த ராத்திரி மாடியில் விட்டதை மட்டும் சொல்லவில்லை. இதை அச்சுக்கு அனுப்பும் முன் போனில் அவளுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.